மன்னிக்க வேண்டியவர் யார்?

ஆலன் டூரிங் என்னும் கணித மேதையை 2013 டிசம்பர் 24ஆம் நாள் பிரிட்டிஷ் அரசியார் மன்னித்தார். டூரிங் மறைந்து அப்போது ஐம்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகப் போரில் ஜெர்மானியரின் இரகசியக் குறியீடுகளை உடைக்க உதவிய அவரை, ஆணோடு உறவு கொண்டார் என்று 1952இல் அந்நாடே தண்டித்தது. சிறைக்குப் பதிலாக அவருடலில் பெண் சுரப்பு மருந்தைச் செலுத்தியது. அவர் நமக்கு முற்றும் அயலாரும் அல்லர். அவர்தம் தாயார் நம் போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனாரோ, அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து ரயில் ஓட்டிய பழைய மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர்! 2017இல் வந்த சட்டமொன்று, இதே குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு மாண்ட ஆயிரக்கணக்கானோருக்கும் அம்மன்னிப்பை விரித்தது.

இதுவன்றோ நீதி என்று சிலர் புகழ்கின்றனர். இந்திய அரசும் இவ்வாறு செய்யலாமே என்கின்றனர். நாம் உடன்படவில்லை.

நம் பூவிருந்தவல்லி, ஆவடிப் பகுதி மஹல்லாக்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் நடப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மய்யித்தின் மகனோ தம்பியோ ஜமாஅத்தார் முன் நின்று, "கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் கேளுங்கள், மனவருத்தம் ஏதும் இருந்தால் பொருந்திக் கொள்ளுங்கள்" என்கிறார். கடன்பட்டவன் தரப்பு கேட்கிறது, கொடுத்தவன் பொருந்துகிறான். அடியானுக்குரிய ஹக்கை அந்த அடியான்தான் பொருந்த வேண்டும். அரசனாலும் ஆகாது, காஜியாலும் ஆகாது. பிரிட்டனில் நடந்ததோ தலைகீழ். அநீதி செய்த தரப்பு எழுந்து நின்று, "மய்யித்தை நாங்கள் மன்னித்துவிட்டோம்" என்கிறது! மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மன்னிப்புக் கொடுப்பதா? 1974இல் தண்டிக்கப்பட்டு நெடுநாள் வாழ்ந்த ஜார்ஜ் மாண்டேக் என்னும் பெரியவர் இதைத்தான் கேட்டார். மன்னிப்பை ஏற்றால் குற்றத்தையும் ஏற்றதாகிவிடும் என்றார் அவர்.

நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் 1860இல் எழுதிவைத்த 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவுக்குச் செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் தீர்ப்பளித்தது. இம்மக்களிடமும் இவர்தம் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். மேன்மையான சொல். அதே அம்மையார் அதே தீர்ப்பில், முடிந்துபோன வழக்குகளை இதைக்கொண்டு மீண்டும் திறக்கலாகாது என்றும் எழுதினார். கடனை ஒப்புக்கொண்டு பெட்டியைப் பூட்டிக்கொள்வது என்ன வழக்கம்?

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸை நினைக்கிறோம். 2010 பிப்ரவரியில் சிலர் கேமராவோடு அவர் வீட்டினுள் புகுந்து, ஓர் ஆடவருடன் அவர் இருந்த தனிமையைப் படம் பிடித்தனர். அவ்வுறவு குற்றமன்று என்று தில்லி உயர்நீதிமன்றம் கூறி அப்போது ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. ஆயினும் இடைநீக்கம் செய்யப்பட்டவர், புகுந்தவர்கள் அல்லர்; ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த அப்பேராசிரியர்தாம். ஏப்ரல் முதல் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றம் இடைநீக்கத்துக்குத் தடை விதித்தது. ஏழாம் நாள் வாடகை வீட்டில் அவர் இறந்து கிடந்தார். இடைநீக்கத்தை விலக்கிக்கொள்ளும் கடிதம் அதன்பின் வந்து சேர்ந்தது. பாடம் நடத்தியே தலை நரைத்தவர்கள் நாம். அந்தக் கடிதம் நம்மை உறுத்துகிறது. மறைவுக்குப் பின் வரும் மன்னிப்பு யாவும் அதன் வகையைச் சேர்ந்தவையே. உறையின்மேல் பெயர் இருக்கும். பிரிக்க ஆள் இராது.

"ஓர் ஆலிம் இவர்களுக்காக வழக்காடுவதா?" என்று முகஞ்சுளிப்போர் உண்டு. அவ்வுறவு பற்றிய மார்க்கத் தீர்ப்பை மாற்ற நாம் வரவில்லை. அதற்கு நமக்கு அதிகாரமும் இல்லை. ஆயின் பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைத் தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம், பாவியின் வீட்டுக்கு மட்டும் விலக்களிக்கவில்லையே! பாவிக்குச் செய்தாலும் ளுல்மு ளுல்முதான். நம் குடும்பங்களிலும் இத்தகைய பிள்ளைகள் உள்ளனர். இல்லையென்று சொல்வோர் தம் வீட்டைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஜெர்மனி 2017இல் இயற்றிய சட்டம் சற்றே நேரியது. மன்னித்தோம் என்னாமல், 1945க்குப் பின் இக்காரணத்துக்காக அளித்த தண்டனைத் தீர்ப்புகளையே அது இல்லாதவை ஆக்கியது. உயிரோடிருப்போருக்குத் தீர்ப்பொன்றுக்கு 3,000 யூரோவும், சிறைவாசத்தில் ஆண்டொன்றுக்கு 1,500 யூரோவும் ஈடு வைத்தது. தொகை சிறிது, மாண்டவர் கைக்கு அதுவும் எட்டாது. எனினும் கடன்காரன் யார் என்பதில் அங்கே குழப்பமில்லை. நம் அரசியல் சட்டத்தின் 72, 161ஆம் பிரிவுகள் தரும் மன்னிப்பதிகாரத்தை இதற்காகத் தேடிப் போக வேண்டாம். முடிந்துபோன அவ்வழக்குகளை நாடாளுமன்றம் சட்டமியற்றித் திறக்கட்டும். தண்டனை பெற்றோருள் இன்னும் உயிரோடிருப்போரிடம், அவர்கள் இருக்கும்போதே, அரசு போய்க் கேட்கட்டும். பொருந்துவதும் பொருந்தாததும் அவர்கள் விருப்பம்.