ஃப்ரெஞ்சுக்கு இங்கிலீஷ் எதுக்குங்க?

காட்டுப்பாக்கத்துல இருந்து போரூர், பூந்தமல்லின்னு எந்தப் பக்கம் போனாலும், ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் தமிழை விட்டுட்டு ஃப்ரெஞ்சு எடுத்த பசங்களப் பார்க்கலாம். காரணம் மொழிப் பிரியம் இல்ல, மார்க். (இஞ்சினியரிங் கட்-ஆஃப்ல மொழிப்பாட மார்க்கைச் சேர்க்கவே மாட்டாங்கங்கிறது தனிக் கதை :-))

எடுக்கட்டும், தப்பில்ல. ஆனா அதை இங்கிலீஷ் வழியா உருப்போடுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகல. அதுவும் இந்த இணைப்புச் சொற்கள் இருக்கே, அதுக்கு வீட்டுத் தமிழே போதும்.

முதல்ல 'கெ'. 'அவன் வருவான்னு நினைக்கிறேன்' - 'ஜு பான்ஸ் கில் வியாந்த்ரா'. இங்கிலீஷ்ல 'தட்' இல்லாமலே ஒப்பேத்திடலாம். ஃப்ரெஞ்சுல 'கெ'யை முழுங்க முடியாது. நம்ம 'ன்னு'வை முழுங்கிப் பாருங்க, வாக்கியமே நிக்காது. ரெண்டும் ஒரே ஜாதி.

அடுத்து 'சி'. எல்லாருக்கும் தெரிஞ்ச 'சில் வூ ப்ளே'ங்கிறதே 'உங்களுக்குப் பிடிச்சா'ங்கிறதுதான். 'சி'க்குப் பின்னாடி எதிர்காலம் வராதுன்னு கிளாஸ்ல அடிச்சுச் சொல்லுவாங்க. 'நாளைக்கு அவன் வந்தா' - இந்த 'வந்தா'வுல எதிர்காலம் எங்க இருக்கு? 'சில் வியான் தெமான்', அவ்ளோதான். ஆனா 'அவன் வருவானான்னு கேளு'ன்னா 'தெமான்ட் சில் வியாந்த்ரா'. இங்க எதிர்காலம் வருது! பையன் குழம்பிடுவான். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் 'இஃப்' போடலாம். தமிழ்ல 'வந்தா' வேற, 'வருவானான்னு' வேற. குழப்பத்துக்கு இடமே இல்ல.

'ப்யூஸ்க்' இன்னும் அழகு. தெரியாத காரணத்தைச் சொன்னா 'பார்ஸ் கெ', அதாவது நம்ம 'ஏன்னா'. கேக்குறவருக்கும் தெரிஞ்ச காரணம்னா 'ப்யூஸ்க்'. 'அதான் நீயே வந்துட்டியே, சாப்பிட்டுட்டுப் போ'ன்னு அம்மா சொல்றாங்களே, அந்த 'அதான்... யே' தாங்க இது.

தமிழ் எல்லாத்துக்கும் உதவும்னு சொல்ல வரல. மேசை பெண்பால்ங்கிறதை மனப்பாடம்தான் பண்ணணும். நமக்கு வாலுல ஒட்டுறது அவங்களுக்குத் தலையில உட்காரும், அதுக்கும் பழகணும். 'பூர் கெ' வந்தா வினைச்சொல்லே வேற வேஷம் போடும்.

2006-ல வந்த சட்டம் பத்தாவது வரைக்கும் தமிழைக் கட்டாயமாக்குச்சு. அதுக்கப்புறம் ஃப்ரெஞ்சு எடுக்குற பசங்க, அந்தத் தமிழைக் கிளாஸ் வாசல்ல செருப்போட சேர்த்துக் கழட்டி வச்சுட்டு உள்ளே போறாங்க. கியூபெக் கனவோட வார இறுதி வகுப்புக்கு ஓடுற பெரியவங்களும் அப்படித்தான். ஒரு மொழியை முழுசா கையில வச்சிருக்கிறவனை, அரைகுறையாத் தெரிஞ்ச இன்னொரு மொழி வழியா மூணாவது மொழிக்குக் கூட்டிட்டுப் போறது என்ன நியாயம்?

ஃப்ரெஞ்சு சொல்லித் தர்றவங்க யாராவது இதைப் படிச்சா, ஒரு நாள் கரும்பலகையில 'ன்னு', 'வந்தா', 'அதான்' மூணையும் எழுதிட்டுப் பாடத்தை ஆரம்பிச்சுப் பாருங்களேன். என்ன ஆச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.