முருகையின் நிறமும் நலமும்

எம் கல்லூரி அன்னையின் விழா மலரிலே கடல்நீர்த் தொட்டி பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என்று முதலில் ஐயுற்றேன். அதிபர்மாரின் அரும்பணிகளும், விளையாட்டு வெற்றிகளும், விடுதி வாழ்வின் நினைவுகளும் இத்தகைய மலர்களில் இடம்பெறுதலே மரபு. ஆயினும், இவ்விழாவின் நினைவாக விலங்கியல் ஆய்வுகூடத்துக்குக் கடல்நீர்த் தொட்டியொன்றை வழங்கி, அதில் எங்கள் கடலின் முருகைகளை வளர்த்து மாணவர்க்குக் காட்டலாம் என்று பழைய மாணவர் சிலர் கருதுகின்றனர். நோக்கம் நன்றே. ஆனால், இலண்டனில் என் வீட்டில் இருபது ஆண்டுகளாக முருகை வளர்த்து வருபவன் என்ற முறையிலும், முதற் தொட்டியிலிருந்த உயிர்களை என் அறியாமையாற் கொன்றவன் என்ற முறையிலும், இதைப்பற்றி வாளாவிருக்க என்னால் இயலவில்லை.

முருகைக்கல் என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவன நெடுந்தீவின் மதில்கள். மாணவராயிருந்த காலத்தில் நாங்களும் அங்கே சுற்றுலாச் சென்றோம். சாந்தின்றி அடுக்கிய அக்கற்களிற் பூவிதழ் போலப் படிந்திருந்த வரிகளை விரலாற் தடவிப் பார்த்தோம். கல்லென்றே எண்ணினோம், ஓர் உயிர்க்கூட்டம் கட்டிவிட்டுப் போன வீடு அதுவென்று எண்ணினோமல்லோம்.

முருகை கல்லுமன்று, செடியுமன்று, அது விலங்கு. சிறு பை போன்ற உடலும், வாயைச் சூழ்ந்த உணர்கொம்புகளும் உடைய பொலிப்புகள் ஆயிரக்கணக்கிற் சேர்ந்து, கடல்நீரிலுள்ள கல்சியத்தைக் கொண்டு சுண்ணக் கூடு சமைத்து வாழ்கின்றன. அவற்றின் உடலுக்குள்ளே ஒருகல அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியிலே ஆக்கும் உணவின் பெரும்பங்கை வீட்டுக்குரிய விலங்குக்கு அளிக்கின்றன. விலங்கோ தன் கழிவுப் பொருள்களை அவற்றுக்கு உரமாக அளிக்கின்றது. வறிய நீரையுடைய வெப்பக் கடல்களில் இத்துணைச் செழிப்பான உயிர்ச்சோலைகள் தோன்றுவதற்கு இக்கூட்டுறவே காரணம்.

நிறமும் இக்கூட்டுறவினின்றே பிறக்கின்றது. குடியிருக்கும் அல்காக்களின் நிறம் பொன்னும் கபிலமும் கலந்தது. அதன்மேல் நாம் காணும் பச்சை, நீலம், ஊதா, செம்மை முதலியன பெரும்பாலும் விலங்கு தானே ஆக்கும் புரதங்களாலாவன. ஒளிரும் பச்சைப் புரதமொன்று முதலிற் கடற்சொறியிற் கண்டறியப்பட்டது. அவ்வாராய்ச்சிக்கு 2008ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. முருகைகளிலும் அவற்றின் உறவினங்களிலும் அதை ஒத்த புரதங்கள் உண்டென்பதை மொஸ்கோ நகர ஆராய்ச்சியாளர் 1999இல் வெளியிட்டனர். ஆகவே, முருகையின் நிறம் பூச்சு அன்று. அதன் உடல் நிலையை உரைக்கும் மொழி. அம்மொழியைப் பிழைபடப் படிப்பவன் கேடு செய்வான். யான் பிழைபடவே படித்தேன்.

முதற் தொட்டியை அமைத்து ஓராண்டு சென்றபின் அதிலிருந்த மான்கொம்பு முருகைகள் கபில நிறமாயின. நூல்களிலே கண்ட ஊதாவும் நீலமும் என் தொட்டியில் இல்லையே என்று மனம் புழுங்கினேன். மீன்களுக்கு இடும் உணவைப் பாதியாகக் குறைத்தேன். நீரிலுள்ள நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் முற்றாக அகற்றும் மருந்துகளை இட்டேன். விளக்கின் வலுவை ஒரே நாளில் இரு மடங்காக்கினேன். இரண்டு கிழமைக்குள் மாற்றம் தெரிந்தது. கபிலம் நீங்கி, இளநீலமும் இளஞ்சிவப்பும் தோன்றின. வீட்டுக்கு வந்த விருந்தினர் வியந்தனர். யானும் செருக்குற்றேன். மூன்றாம் கிழமையின் இறுதியில் ஒரு காலை விளக்கேற்றிப் பார்த்தபோது, கிளைகளின் அடியிலிருந்து தசை உரிந்து வெண்கூடு தெரிந்தது. ஐந்து நாட்களுள் எல்லாம் முடிந்தன. நெடுந்தீவு மதிலிற் கண்ட அதே வரிகள், இம்முறை என் கைவினையாகவே என் முன் கிடந்தன.

யான் அழகென்று கொண்டாடியது நோயின் அறிகுறி. சவுதாம்ரன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்குகின்றது. அல்காக்களை இழந்த முருகையினுள்ளே வெண்கூட்டிற் பட்டுத் தெறிக்கும் ஒளி மிகுகின்றது. அவ்வொளியைத் தாங்குவதற்காகச் சில முருகைகள் நிறப் புரதங்களை மிகுதியாகச் சுரந்து போர்வை போற் போர்த்துக்கொள்கின்றன. போர்வையின் நிழலில் அல்காக்கள் மீண்டும் குடிபுகக்கூடும். துன்பம் நீடித்தால் முருகை மாளும். அதே பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பொசுபேற்றுக் குறைந்து நைதரசன் மிகுந்த நீரில் வாழும் முருகைகள் வெப்பத்தாலும் ஒளியாலும் எளிதில் வெளிறும் என்பதைக் காட்டிற்று. அழுக்கு மிகினும் கேடு. அடியோடு துடைப்பினும் கேடு என்பது இதனாற் பெறப்படும்.

எனவே என் துணிபு இதுவே: நிறத்தை நாடித் தொட்டி வளர்ப்பவன் முருகையைக் கொல்வான், நீரின் நிலைபேற்றை நாடுபவனுக்கு நிறம் தானே வந்து சேரும். ஒளிமிக்க விளக்குகளையும் விலைமிக்க மருந்துகளையும் நிறத்தின் பெயரால் விற்கும் வணிகம் இன்று பெருகிவிட்டது. அப்பொருள்களுள் பயனுடையனவும் உள. எனினும், தொட்டிக்காரனின் பொறுமைக்கு ஈடாக அவற்றுள் ஒன்றையும் யான் கண்டிலேன்.

வெளிநாடுகளில் முருகை வளர்க்கும் பழைய மாணவர் சிலரை யான் அறிவேன். அவர்கட்கும், இக்கலையில் விருப்புடைய பிறர்க்கும் என் அனுபவத்திற் கண்ட சிலவற்றைக் கூறுகின்றேன்.

முதலாவது நீர். குழாய் நீரிற் குளோரினும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் கலந்திருத்தல் கூடும். ஆதலால் நுண்சவ்வினூடு வடித்துத் தூய்மையாக்கிய நீரிலே கடலுப்பைக் கரைத்தல் வேண்டும். ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு என்பதே கணக்கு. நாள்தோறும் ஆவியாவது நன்னீரே. உப்புத் தொட்டியிலேயே தங்கும். ஆகவே குறைந்ததை நன்னீராலே நிரப்புக. உப்புநீரால் நிரப்புவோன் தொட்டியை உப்பளமாக்குவான்.

இரண்டாவது வெப்பம். 25 அல்லது 26 பாகை செல்சியசில் நிலைத்திருத்தல் நன்று. பகலில் ஏறி இரவில் இறங்கும் தொட்டியில் முருகை இளைக்கும்.

மூன்றாவது கூடு கட்டுதற்குரிய பொருள்கள். இலீற்றருக்குக் கல்சியம் ஏறக்குறைய 420 மில்லிகிராமும், மகனீசியம் 1300 மில்லிகிராமும், செருமானிய அளவையிற் காரத்தன்மை 7 முதல் 9 பாகையும் இருப்பின் போதும். இவற்றுள் விரைவிற் குறைவது காரத்தன்மையே. அதனை நாள்தோறும் சிறிது சிறிதாக ஈடுசெய்தல் வேண்டும். பத்து நாட் தண்ணீரை ஒரே நாளிற் பாய்ச்சிப் பயிரை வளர்க்க முயலும் தோட்டக்காரன் எங்கள் ஊரில் உண்டோ? ஆனால் தொட்டிக்காரர் பலர் அதனையே செய்கின்றனர்.

நான்காவது உணவும் கழிவும். நைத்திரேற்று இலீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரையும், பொசுபேற்று 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரையும் இருக்கலாம். பூச்சியத்தை விரும்பாதீர்கள்.

ஐந்தாவது ஒளியும் ஓட்டமும். புதிய விளக்கின் வலுவைக் கிழமைக் கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றுக. நீர் ஒரே திசையிற் பாயாது, அலைபோல மாறி மாறிப் பாயவேண்டும். அப்பொழுதே முருகையின் கழிவு நீங்கும், ஒட்சிசன் சேரும்.

இவற்றுக்கெல்லாம் பெரும் பொருள் வேண்டுமென்று மலைக்க வேண்டா. சகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகளையும், காற்றுக் குமிழிகளையும், சூரிய ஒளியையும் துணையாகக் கொண்டே கடலுயிர்களை வளர்த்த முறையை 1961இல் எழுதினார். பாறையில் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்தன. பின்வந்த முறைகள் பல அவர் வழியைத் தழுவியனவே. பொருளிலும் பார்க்கக் கவனிப்பே பெரிதென்பதற்கு அவர் தொட்டி சான்று.

இனிக் கல்லூரித் தொட்டிக்கு வருவோம். என் கருத்து, எங்கள் கடலின் முருகையை அதில் வைத்தல் ஆகாது என்பதே.

முதற் காரணம் சட்டம். இலங்கையிற் கல்முருகைகள் சட்டத்தாற் காக்கப்பட்டவை. அவற்றைக் கடலினின்றும் பெயர்த்தெடுத்தல் குற்றம். சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகைக்கல் அகழ்ந்து கரையை அரிப்புக்கு ஆளாக்கிய கேட்டைத் தடுப்பதற்கென்றே 1988இற் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. மாணவர்க்கு இயற்கையின் அருமையை உணர்த்தவெனத் தொடங்கிய முயற்சி, சட்டத்தை மீறித் தொடங்கலாமோ?

இரண்டாவது காரணம் வெப்பம். இலண்டனில் என் தொட்டிக்குச் சூடேற்றி வேண்டும். யாழ்ப்பாணத்திலோ சித்திரை வெயிலில் நீரைக் குளிர்விக்கும் பொறி இரவு பகலாக ஓடவேண்டும். மின்சாரம் சில மணி நேரம் நின்றால் ஓட்டம் நிற்கும், ஒட்சிசன் குறையும், உயிர்கள் மாளும். விடுமுறை நாட்களில் அதனைப் பார்ப்பவர் யார்? விழா மேடையில் தொட்டியை வழங்குபவர்க்கு மாலை கிடைக்கும். பின்வரும் ஆண்டுகளின் சுமையோ ஆய்வுகூட உதவியாளரின் தோளிலே விழும்.

மூன்றாவது காரணமே எனக்குப் பெரிதாகத் தோன்றுவது. வழக்கமான கோடை உச்சத்தினும் ஒரு பாகை வெப்பம் மிகுந்து சில கிழமைகள் நீடித்தாற் போதும், முருகைகள் அல்காக்களை இழந்து வெளிறும். 1998இல் இக்கடுவையிலும், கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெருந்திட்டிலும் முருகைகள் பெரும்பாலும் மடிந்தன. திருகோணமலைப் பக்கத்தன அவ்வாண்டு பெரிதும் தப்பின. 2016இலும் எங்கள் கடல்களில் வெளிறல் கண்டது. உலகளாவிய நான்காம் வெளிறல் நிகழ்வதாக 2024 ஏப்பிரலில் அறிவித்தார்கள். என் தொட்டி சூடேறினால் யான் அதனைக் குளிர்விப்பேன். கடலைக் குளிர்விக்கும் பொறி எவரிடமும் இல்லை. தப்பியவற்றினின்றும் ஒரு கிளையையேனும் தொட்டிக்கென ஒடிப்பது தகாது.

உயிருள்ள முருகையைக் கண்ணாற் காணாத மாணவன் அதனிடத்து அன்பு கொள்வது எங்ஙனம் என்று நண்பர்கள் கேட்பர். கேள்வி நியாயமானது. யானும் தொட்டியின்முன் இருந்தே கடலை நேசிக்கக் கற்றவன். ஆனால் இலண்டனில் வாழும் எனக்குக் கடல் தொலைவில் உள்ளது; எம் மாணவர்க்கு அது வாசலில் உள்ளது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 முதற் தேசிய பூங்காவாக விளங்குகின்றது. அங்கே ஆழமற்ற நீரில் முகமூடியணிந்து மிதப்பவர்க்கு, எந்தத் தொட்டியும் காட்டவியலாத காட்சி கிட்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தொட்டிக்கென ஒதுக்கும் பணத்தை நிதியாக வைத்து, ஆண்டுதோறும் உயர்தர விலங்கியல் மாணவரைப் புறாத்தீவுக்கு அனுப்புவோம். முருகையை மிதியாமலும் தொடாமலும் நீந்த அவர்கட்கு முதலிற் பயிற்சி அளிப்போம். நீரின் வெப்பத்தையும், கண்ட முருகைகளின் நிறத்தையும், வெளிறியவற்றின் அளவையும் குறித்து வர ஒரு பதிவேட்டைக் கல்லூரியிற் பேணுவோம். இருபத்தைந்து ஆண்டுகளின் பின் வரும் அடுத்த விழாவில் அப்பதிவேடு எந்தத் தொட்டியினும் விலைமதிப்புடையதாய் இருக்கும். ஆய்வுகூடத்திற் தொட்டியொன்று இருந்தே ஆகவேண்டுமெனின், கடனீரேரியின் இறால்களும் சிறு மீன்களும் வாழும் எளிய தொட்டி போதும்.

கடல்கடந்து வாழ்ந்து முருகை வளர்க்கும் அன்பர்கட்கும் ஒன்று கூறுவேன். முருங்கைக் கொம்பை வெட்டி நட்டால் அது தழைப்பதுபோல, முருகையின் சிறு துண்டும் தழைத்து வளரும். ஆகையால் கடலிற் பிடுங்கியதை விலக்கி, தொட்டியிலே வளர்த்துப் பகுத்த துண்டுகளையே வாங்குங்கள். எங்கிருந்து வந்ததென்று விற்பவரைக் கேளுங்கள்; விடை சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். வளர்ந்தபின் நீங்களும் ஒரு துண்டைப் பிறர்க்குக் கொடுங்கள்.

என் இரண்டாம் தொட்டியிலுள்ள மான்கொம்பு முருகை, நண்பரொருவர் தந்த விரலளவு துண்டாக வந்தது. மூன்றாண்டு கபிலமாகவே இருந்தது. யான் அதனை வற்புறுத்தவில்லை. நீரை மாற்றினேன், அளந்தேன், காத்திருந்தேன். நான்காம் ஆண்டில் அதன் நுனிகள் நீலமாயின. இன்றும் நீலமாகவே உள்ளன.

எம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.

— பழைய மாணவன் ஒருவன், இலண்டன்