நெய்வேலியும் 40 சென்டிமீட்டரும்

சொந்த ஊர் விருத்தாசலம்னு சொன்னா ஆபீஸ்ல பாதிப்பேருக்குப் புரியாது. "நெய்வேலிக்குப் பக்கம்"னு சொன்னாத்தான் மண்டைய ஆட்டுவாங்க. (அகல் விளக்கு, பீங்கான் பொம்மை எல்லாம் எங்க ஊர்ல செய்யறதுதாங்க, கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க!)

அந்த நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி ஒரு காலத்துல சதுப்பு நிலம். செத்த செடிகொடி தண்ணிக்குள்ள காத்து படாம மக்காமக் கிடந்தா, பீட் எனப்படும் கரிச்சேறு. அது மண்ணுக்கடியில அழுந்தி கோடிக்கணக்கான வருஷம் கழிச்சு பழுப்பு நிலக்கரி. ஆக, கரியை இத்தனை காலம் பூட்டி வச்சதே தண்ணிதான்.

இந்தோனேசியாவுல இந்தப் பூட்டைத்தான் உடைச்சாங்க. பாமாயிலுக்காகக் கால்வாய் வெட்டி பீட் நிலத்தை வடிய விட்டாங்க. 2015ல சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிஞ்சது, அதுல கணிசமான பகுதி பீட். புகை சிங்கப்பூர், மலேசியா வரைக்கும் போச்சு. அங்கே 2014லயே ஒரு விதி இருந்தது: நீர்மட்டம் 40 சென்டிமீட்டருக்குக் கீழ போனா அந்த பீட் நிலம் கெட்டதாகக் கணக்கு. விதி இருந்தும் எரிஞ்சது வேற விஷயம். ஆனா எதை அளக்கணும்ங்கறதுல தெளிவா இருந்தாங்க.

நம்ம ஊர்ல தலைகீழ். நிலக்கரிக்கு அடியில அழுத்தத்தோட ஒரு ஊற்று இருக்கு. அதை ராப்பகலா இறைக்கலைன்னா சுரங்கத்தோட தரையே பிச்சுக்கிட்டு மேல வந்துடும். அதனால இங்கே தண்ணிங்கறது உற்பத்திக்கு இடைஞ்சல், அவ்வளவுதான்.

2020ல வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டத்துல கடலூர் மாவட்டத்துல காட்டுமன்னார்கோவில், குமராட்சி மாதிரி 5 வட்டாரங்கள் இருக்கு. விருத்தாசலம் இல்லை. 2023 ஏப்ரல்ல சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி மூணையும் நிலக்கரி ஏலத்துல இருந்து எடுத்தாங்க. நல்லதுதான். ஆனா டெல்டான்னா கூடாது, எங்க பக்கம்னா பரவால்லையா? நிலத்தடி நீருக்கு வட்டார எல்லை தெரியுமா என்ன?

கரண்ட் வேண்டாம்னு சொல்ல வரலைங்க. இந்தப் பதிவை டைப் அடிக்கிற பொட்டியே கரண்ட்லதான் ஓடுது :-) நான் கேக்கறது ஒண்ணுதான். இத்தனை டன், இத்தனை மெகாவாட்னு போடற இடத்துல, இன்னிக்கு எவ்வளவு தண்ணி இறைச்சோம், சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் கிணத்து மட்டம் எவ்வளவுன்னும் போடுங்க. எந்த மட்டத்துக்குக் கீழ போனா பம்பை நிறுத்தணும்னு சட்டத்துல ஒரு நம்பர் எழுதுங்க. அதைத் திரையில காட்டற வேலையை ரெண்டு மூணு பொட்டிதட்டிகள் சேர்ந்தா ஒரு வீக்கெண்டுல முடிச்சுடலாம். நான் ரெடி.