கூடி உழுதவர்க்குக் குத்தகை இல்லையா?

விமான நிலையம் கட்டப்போவதில்லை என்று பிரான்ஸின் பிரதம மந்திரி எதுவார் ஃபிலிப் 2018 ஜனவரி 17-ஆம் தேதி அறிவித்தார். கட்டக்கூடாது என்று அந்த நிலத்திலேயே வருஷக்கணக்காகக் குடியிருந்து போராடியவர்களை அப்புறப்படுத்த அதே சர்க்கார் அதே வருஷம் ஏப்ரல் 9-ஆம் தேதி விடியுமுன் ஏறத்தாழ 2,500 போலீஸாரைக் கவச வண்டிகளோடும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளோடும் அனுப்பியது. வழக்கில் தோற்றவன் வென்றவனுடைய வீட்டை இடிக்கப் புறப்பட்டது விபரீதமான காட்சிதான். ஆனால் அந்த விபரீதத்துக்குள்ளும் ஒரு தர்க்கம் இருந்தது. அந்தத் தர்க்கம் தவறானது என்பதே என் அபிப்பிராயம்.

இது நடந்த இடம் பிரான்ஸின் மேற்குப் பகுதியில், நாந்த் நகரத்துக்கு வடமேற்கே உள்ள நோத்ர்-தாம்-தெ-லாந்த் என்னும் கிராமப் பிரதேசம். ஈரம் மாறாத புல்வெளிகளும், குட்டைகளும், வயலுக்கு வயல் வேலியாக நிற்கும் பழைய மரவரிசைகளும் நிறைந்த பூமி. ஒரு பக்கம் லுவார் நதிக்கும் மறு பக்கம் வில்லேன் நதிக்கும் ஓடுகிற ஓடைகள் பிறக்கிற இடம். 1960-களில் இங்கே பெரிய விமான நிலையம் ஒன்று எழ வேண்டும் என்று தீர்மானித்து 1974-ல் நிலத்தையும் அதற்கென்று ஒதுக்கிவைத்தார்கள். எண்ணெய் நெருக்கடியால் திட்டம் பல வருஷம் உறங்கியது. அந்த உறக்கத்தில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. சுற்றுவட்டாரத்திலெல்லாம் டிராக்டரின் சௌகரியத்துக்காக வயல்களை ஒன்றுசேர்த்து மரவேலிகளை வெட்டிச் சாய்த்த காலத்தில், எப்படியும் சிமெண்டுக்கு அடியில் போகப்போகிற நிலந்தானே என்று இங்கே ஒருவரும் கைவைக்காததால், அழிவுக்கென்று குறித்துவைத்த சுமார் 1,650 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய நாலாயிரம் ஏக்கர், பழைய கோலத்திலேயே தப்பி நின்றது.

திட்டம் மீண்டும் கண் விழித்து, 2008-ல் பொது நன்மைக்கானது என்ற முத்திரையையும் பெற்று, 2010-ல் வான்ஸி என்ற பெருங்கம்பெனியின் கைக்குப் போயிற்று. விற்க மறுத்த குடியானவர்கள் சிலர் எஞ்சியிருந்தார்கள். விற்றுவிட்டுப் போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆளில்லாத பூமியைக் காப்பது கஷ்டம் என்று உணர்ந்த உள்ளூர்வாசிகளில் சிலர், வந்து குடியேறுங்கள் என்று வெளியார்க்குப் பகிரங்கமாக அழைப்பு விடுத்தார்கள். 2009-ஆம் வருஷக் கோடையில் பருவநிலைப் பிரச்சினையை முன்னிட்டு அங்கே கூடிய முகாமுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போகவில்லை. அவர்களைத் தொடர்ந்து மேலும் பலர் வந்து, பாழ்வீடுகளில் புகுந்தும், மண்ணையும் வைக்கோலையும் குழைத்துக் குடில் எழுப்பியும், மரக்கிளைகளின் மேல் பரண் கட்டியும் தங்கலானார்கள்.

போராட்ட முகாம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பந்தலும் ஒலிபெருக்கியும் தலைவர்களின் வருகையுந்தான். இங்கே நடந்தது வேறு தினுசு. மாவு அரைத்து ரொட்டி சுட்டார்கள். பசு வளர்த்துப் பால்கட்டி செய்தார்கள். கொல்லன் பட்டறையும், வாசகசாலையும், வாரம் ஒரு முறை கூடுகிற சந்தையும் உண்டாயின. சந்தையில் சரக்குக்கு விலை குறிப்பதில்லை. கொண்டுபோகிறவர் தம்மால் இயன்றதைக் கொடுத்துவிட்டுப் போகலாம், கையில் ஒன்றும் இல்லாதவர் வெறுங்கையோடு வந்தும் காய்கறி எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் விட்டுக் கழுவுகிற கக்கூஸுக்குப் பதிலாக மரத்தூளைத் தூவி மூடி, மக்கவைத்து எருவாக்குகிற கக்கூஸ்கள். ஒரு வானொலியும் நடத்தினார்கள். வான்ஸி கம்பெனி தன் நெடுஞ்சாலைகளில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்காக ஒலிபரப்பு நடத்துகிற 107.7 என்ற அதே அலைவரிசையில் இவர்களுடைய திருட்டு வானொலியும் ஒலித்தது என்பதை நினைத்தால் கண்டிப்பானவர்களுக்கும் சிரிப்பு வராமல் போகாது.

2012 அக்டோபரில் இவர்களைக் கிளப்ப வந்த போலீஸ் நடவடிக்கைக்கு சீஸர் என்று அதிகாரிகளே பெயர் சூட்டினார்கள். கோல் தேசத்தின் ஒரு குக்கிராமம் சீஸரின் சேனையை எதிர்த்து நிற்கிற சித்திரக்கதையைப் படித்து வளர்ந்த ஜனங்களிடையே இந்தப் பெயரோடு படையெடுத்தவர்களின் புத்தியை என்னவென்று சொல்வது! பல குடில்கள் இடிந்தன. ஒரு மாதம் சென்று, நவம்பர் 17-ஆம் தேதி, பலகையும் ஆணியும் சுத்தியலும் சுமந்து பல்லாயிரம் பேர் அந்தச் சேற்றில் திரண்டு, இடித்ததற்குப் பதிலாகப் புதிய வீடுகளைக் கூட்டமாக நின்று எழுப்பிவிட்டார்கள். பக்கத்து ஊர்க் குடியானவர்கள் தங்கள் டிராக்டர்களைச் சங்கிலியால் பிணைத்து அந்த வீடுகளைச் சுற்றிக் காவல் நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் போலீஸார் விலகிப் போன பிறகு, வருஷக்கணக்கில் அவர்கள் உள்ளே வரவில்லை.

இவ்வளவையும் புகழ்ந்து சொல்லும்போது, சங்கடமான ஒரு விஷயத்தை மழுப்பிவிட்டுப் போவது நேர்மையாகாது. 2016 ஜூன் மாதம் அந்த மாவட்டத்து வாக்காளர்களிடம் விமான நிலையம் வேண்டுமா என்று கேட்டபோது, வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் வேண்டும் என்றே சொன்னார்கள். ஜனநாயகத்தில் நம்பிக்கை உள்ளவன் இந்த எண்ணிக்கையின் முன்னே சற்று நின்று யோசிக்கத்தான் வேண்டும். நான் யோசித்தவரையில் தோன்றுவது இதுதான்: அந்த ஜனங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி, நாந்த் நகரத்தில் ஏற்கெனவே இருக்கிற விமான நிலையத்தைச் செப்பனிட்டு விரிவாக்கினால் போதாதா என்ற மாற்று வழி அவர்கள் கையில் கொடுத்த சீட்டிலே இல்லை. அடுத்த வருஷம் சர்க்காரே நியமித்த மூன்று மத்தியஸ்தர்கள் அந்த மாற்று வழி சாத்தியமானதே என்று டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். ஓட்டுப் பெட்டி சொல்லாத ஒன்றை, நிலத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவர்களின் பிடிவாதம் சர்க்காரைக் கேட்க வைத்தது. பெரும்பான்மைக்கு இது அவமரியாதை என்று சிலர் சொல்லுவார்கள். பெரும்பான்மைக்கு யோசிக்க அவகாசம் வாங்கிக் கொடுத்தது என்று நான் சொல்லுவேன்.

முகாமிலிருந்தவர்கள் எல்லாரும் மகான்கள் என்று நான் சாதிக்கவும் இல்லை. கல்லெறிந்தவர்களும் எரியும் பெட்ரோல் புட்டி வீசியவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். அதை நியாயப்படுத்த என் பேனா இசையாது. ஆடு மாடு வளர்ப்பதே கொடுமை என்பவர்களும் அவற்றை மேய்த்துப் பிழைப்பவர்களும் ஒரே பூமியில் குடியிருந்தால் என்ன சச்சரவு உண்டாகுமோ அதுவும் உண்டாயிற்று. வெற்றி கிடைத்த மாதத்திலேயே, தடுப்புகள் வைத்து அடைத்திருந்த சாலையைத் திறந்துவிடுவதா வேண்டாமா என்று அவர்களுக்குள் மூண்ட தகராறு, எதிரி எதிரே நின்ற காலத்தில் மூளாத தகராறு.

ஆயினும் ஏப்ரல் மாதத்து நடவடிக்கைக்குக் காரணம் கல்லெறிதல் அன்று, காகித விவகாரம். விமான நிலையம் போய்விட்டது, இனி இங்கே இருக்க விரும்புகிறவர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தாம் செய்யப்போகும் விவசாயத்தையும் எழுதித் தனித்தனியாக மனுச் செய்துகொள்ளலாம் என்றது சர்க்கார். நிலத்தை நாங்கள் கூட்டாகவே காத்தோம், கூட்டாகவே உழுகிறோம், ஆகையால் எங்கள் எல்லாரையும் ஒரே ஸ்தாபனமாகக் கருதி அதன் பெயருக்கே விடுங்கள் என்றார்கள் குடியிருந்தவர்கள். நடவடிக்கையின் முதல் நாளிலேயே தரைமட்டமான பண்ணைக்கு ‘நூறு பெயர்’ என்று பெயர். கூட்டாகக் காய்கறி பயிரிட்டும் ஆடு வளர்த்தும் வந்த பண்ணை அது. குண்டுகளும் புகையும் ஓய்ந்த இடைவேளையில், ஏறத்தாழ நாற்பது மனுக்களைத் தனித்தனிப் பெயர்களில் நிரப்பி, ஒன்றில்லாவிட்டால் மற்றொன்று நடவாது என்கிறவிதமாக ஒன்றோடொன்று பின்னி, ஒரே கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதிகாரிகள் அவற்றைப் பிரித்து, சிலருக்குத் தற்காலிகக் குத்தகை எழுதிக் கொடுத்து, மற்றவர்களை விட்டுவிட்டார்கள்.

இதில்தான் நான் சொன்ன தர்க்கம் இருக்கிறது. ‘வேண்டாம்’ என்கிற ஜனங்களைச் சர்க்கார் சகித்துக்கொள்ளும். சில சமயம் அவர்களுக்கு விட்டும் கொடுக்கும். ‘நாங்கள் சேர்ந்தே இருப்போம்’ என்கிறவர்களை எந்த ரிஜிஸ்தரில், எந்தப் பத்தியில் எழுதிக்கொள்வது என்று தெரியாமல் அது தடுமாறுகிறது. கூட்டமாக இருப்பவர்களிடம் வரி யாரிடம் கேட்பது, சம்மன் யார் பெயருக்கு அனுப்புவது என்ற கேள்விகள் அற்பமானவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு விடை ஏற்கெனவே பிரான்ஸ் தேசத்திலேயே இருக்கிறது என்பதுதான் ஏப்ரல் மாதத்து நடவடிக்கையை மன்னிக்க முடியாததாக்குகிறது.

தெற்கே லார்ஸாக் என்ற வறண்ட பீடபூமியில், ரோக்ஃபோர் பால்கட்டிக்காக ஆடு கறந்து வாழ்ந்த ஜனங்களின் பூமியில், 1971-ல் ராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக விஸ்தரிக்கப்போவதாகச் சர்க்கார் அறிவித்தது. நிலத்தை விற்பதில்லை என்று 103 குடியானவர்கள் சபதம் செய்தார்கள். பாரிஸுக்கு ஆடுகளை ஓட்டிப்போய் ஐஃபல் கோபுரத்தின் அடியில் மேயவிட்டார்கள். கட்டக்கூடாது என்ற நிலத்தின் நடுவிலேயே அனுமதியில்லாமல் கல்லால் ஓர் ஆட்டுக்கொட்டிலைத் தொண்டர்களைக் கொண்டு எழுப்பினார்கள். பத்து வருஷத்துக்குப் பின் 1981-ல் ஜனாதிபதி மித்தெரான் பதவிக்கு வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. முகாமுக்கென்று சர்க்கார் வாங்கி வைத்திருந்த சுமார் 6,300 ஹெக்டேரை, 1985-ல், குடியானவர்களும் குடியிருப்பவர்களும் அங்கத்தினராக உள்ள ஒரு சங்கத்துக்கு நீண்டகாலக் குத்தகையாக விட்டார்கள். உழுகிறவன் உழுகிற காலம்வரையில் நிலமும் வீடும் அவன் அனுபவத்தில் இருக்கும். ஓய்வு பெறுகிறபோது சங்கத்திடம் திரும்பும். விற்கவும் முடியாது, பிள்ளைக்குச் சொத்தாக எழுதிவைக்கவும் முடியாது. சங்கம் ஒரு புதிய இளைஞனைத் தேடிக் குடிவைக்கும்.

லார்ஸாக்கில் நிலத்தை விற்பதில்லை என்ற அந்தச் சபதத்துக்கு மனம் தயாரான சமயத்தில், 1972-ல், லான்ஸா தெல் வாஸ்தோ என்ற முதியவர் அந்த ஊரில் பதினைந்து நாள் உபவாசம் இருந்தார். பிறப்பால் இத்தாலியர், 1936-ஆம் வருஷக் கடைசியில் இந்தியாவுக்கு வந்து வார்தாவில் காந்திஜியின் அருகே இருந்து சாந்திதாஸ் என்ற பெயரையும் பெற்றுக்கொண்டு திரும்பி, நூற்றும் நெய்தும் உழுதும் வாழ்கிற ஒரு சமூகத்தைப் பிரான்ஸில் ஸ்தாபித்தவர். பிரெஞ்சுக் குடியானவனின் பிடிவாதத்துக்குள் காந்தியின் சரக்கு நுழைந்த வாசல் அவர்.

காந்திஜிக்கோ, அந்தச் சரக்கு உருவாகத் தமிழர்கள் பெரிதும் துணை நின்றார்கள். தென்னாப்பிரிக்காவில் சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களை மாதாமாதம் பணம் கொடுத்துக் காப்பாற்றுவது இயலாத காரியமாகவே, 1910-ல் காலன்பாக் என்ற நண்பர் ஜோஹன்னஸ்பர்க்குக்கு 21 மைலில் வாங்கிக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை தோன்றியது. டிரான்ஸ்வாலில் ஜெயிலுக்குப் போனவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். பண்ணையில் குஜராத்தி, தமிழ், தெலுங்கு, ஹிந்தி பேசுகிறவர்களுக்கு ஒரே சமையலறை. காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்தார், அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் மற்றவர்கள் கற்றார்கள். சொந்தக் காரியத்துக்காக நகரத்துக்குப் போகிறவர் நடந்தே போக வேண்டும். குப்பையையும் கழிவையும் குழியில் புதைத்து எருவாக்கினார்கள். இவ்வளவு பேர் இருந்தும் பண்ணையில் அசுத்தம் கண்ணில் படாது என்று காந்திஜி பெருமையோடு எழுதியிருக்கிறார். ஜெயிலுக்குப் போகிற மனுஷனை மாசக்கணக்கில் தளராமல் வைத்திருந்தது மேடைப் பிரசங்கமா, இந்தச் சமையலறையும் குழியுமா என்று கேட்டால், நான் இரண்டாவதன் பக்கமே.

நாந்த் பக்கத்துப் புல்வெளியில் மரத்தூள் தூவினவர்கள் இந்த வம்சாவளியை அறிந்தார்களோ இல்லையோ, லார்ஸாக்கை அவர்கள் நன்றாக அறிவார்கள். அங்குள்ள ஏற்பாட்டைத்தான் தங்களுக்கும் கேட்டார்கள். மறுக்கப்பட்டதால், பொது நிதி ஒன்று ஸ்தாபித்து, நன்கொடை திரட்டி, நிலத்தையும் வீடுகளையும் விலைக்கு வாங்கி எவருக்கும் சொந்தமில்லாமல் வைத்திருக்க முயலுகிறார்கள். சர்க்கார் அவர்களை விலைக்கு வாங்க விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது போதாது. புதிதாகச் சட்டம் யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை: லார்ஸாக் சங்கத்தின் குத்தகையை 2083 வரையில் நீட்டித்துக் கொடுத்தது பிரெஞ்சு அரசேதான், அந்தப் பத்திரத்தில் ஊரின் பெயரை மட்டும் மாற்றி எழுதி, இந்த முறை ஒரே ஒரு கையொப்பம் கேட்கட்டும்.