கோ, வென்ட், கான்... அப்புறம்?

'கோ வென்ட் கான், ஸீ ஸா ஸீன், ஈட் ஏட் ஈட்டன்'னு வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பிச்சவங்க நம்ம ஊர்ல ஏராளம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க. அதே ஆள் அஞ்சு நிமிஷம் கழிச்சு 'ஐ டிட் நாட் வென்ட்'னு சொல்வார். உடனே, மனப்பாடம் பத்தலைன்னு மறுபடி பட்டியலைப் பத்து தடவை எழுதச் சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கடுப்பு. பட்டியல் அவருக்கு அத்துப்படிங்க. மூணுல எதை எங்கே வைக்கணும்னுதான் யாரும் சொல்லித் தரலை.

இத்தனைக்கும் அந்தக் கணக்கு தமிழிலேயே இருக்கு. 'போகவில்லை'யைப் பிரிச்சுப் பாருங்க. போக, இல்லை. அந்தப் 'போக'வில் இறந்தகாலம் எங்கே இருக்கு? கிடையாது. 'டிட் நாட் கோ'வும் இதே கதைதான். காலத்தை 'டிட்' தூக்கிக்கிச்சு, 'கோ' எதுக்கு மறுபடியும் சுமக்கணும்? 'டிட் நாட் வென்ட்' என்பது 'போனேன் இல்லை'ன்னு பேசற மாதிரி.

'ஹேவ்' வந்தாலும் அப்படித்தான். 'போயிருக்கேன்'னு சொல்றோமே தவிர 'போனேன் இருக்கேன்'னு யாரும் சொல்றதில்லை. அந்தப் 'போய்' இருக்கிற இடத்துக்குத்தான் 'கான்'. 'பார்த்திருக்கேன்'னா 'ஹேவ் ஸீன்'. 'ஸா'வுக்கு அங்கே வேலையே இல்லை. 'உடைஞ்ச' என்கிற இடத்திலும் மூணாவதுதான் வரும். அடுத்தவரை 'ப்ரோக்கன் இங்கிலீஷ்'னு நக்கல் பண்றோமே, அந்த 'ப்ரோக்கன்' எந்த வடிவம்னு நினைச்சீங்க?

கேள்வியில மட்டும் தமிழ் காலை வாரிவிடும், அதையும் ஒத்துக்கணும். 'சாப்பிட்டியா?'ன்னு கேட்கும்போது இறந்தகாலம் வினையிலேயே ஒட்டிக்கிட்டு நிக்குது. அதனாலதான் 'டிட் யூ ஏட்?'. இது சோம்பேறித்தனம் இல்லை, தாய்மொழிப் பழக்கம். இங்கே மட்டும் காதுக்குத் தனியாப் பயிற்சி கொடுத்தே ஆகணும்.

இது தெரியாமத்தான் இன்டர்வியூல ஒரு 'டிட் வென்ட்' விழுந்ததும் எதிரே இருக்கறவர் உதட்டோரம் சிரிக்கிறார். அந்தப் பையனுக்குத் தெரிஞ்ச கணக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் அந்தச் சிரிப்போட போச்சு. சிரிக்கிறவருக்கு ஒண்ணு சொல்லணும். இங்கிலீஷையே தாய்மொழியாக் கொண்ட குழந்தைகளும் 'கோ'வோட 'எட்' ஒட்டிப் பேசித்தான் வளருது. 'வென்ட்'டே 'கோ'வின் சொந்தப் பிள்ளை இல்லை, வேற ஒரு பழைய வினைகிட்டேயிருந்து வந்த தத்துப்பிள்ளை. 'ஹெல்ப்' ஒரு காலத்துல 'ஹோல்ப், ஹோல்பன்'னு திரிஞ்சுட்டு இப்ப 'ஹெல்ப்ட்'டுன்னு சமத்தா அடங்கியிருக்கு. அமெரிக்கர் 'காட்டன்' என்பார், லண்டன்காரர் 'காட்'டோட நிறுத்திக்குவார்.

பீ, ஹேவ், டூ, ஸே, கோ, கம், டேக், மேக், ஸீ, கெட். தினம் வாயில புழங்கற இந்தப் பத்துமே கோணல்தான். ஓயாமப் புழங்கறதாலதான் பழைய உருவம் மாறாம நிக்குது. முதல்ல இந்தப் பத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, பட்டியலா இல்லாம வாக்கியமாச் சொல்லிப் பழகுங்க: போனேன், போகலை, போனியா, போயிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் நாலு, மொத்தம் 40 வாக்கியம். 'ஸ்லே, ஸ்லூ, ஸ்லெய்ன்' எல்லாம் மெதுவாப் பார்த்துக்கலாம். இப்ப யாரை வெட்டப் போறோம் :-)