அளவறிந்து பெருக்குக

ராகலைத் தோட்ட லயங்களில் எங்கேனும் எஞ்சியிருக்கும் இசைத்தட்டுகளைக் கணினியிற் பதிந்து காக்க முனையும் இளைஞர்க்கு ஒன்று கூறுவேன்: பெருக்கியின் விலையைக் கேட்குமுன், ஊசி தாங்கும் கார்ட்ரிட்ஜின் மின்னழுத்தத்தைக் கேளுங்கள்.

பெருக்கம் மிகுந்தால் சிறப்பும் மிகும் என்பார் உளர், நான் உடன்படேன். நகரும் காந்த வகை ஏறக்குறைய 5 மில்லிவோல்ட் தரும். அதற்கு 40 டெசிபல், அதாவது 100 மடங்குப் பெருக்கம் போதும். நகரும் சுருள் வகை பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டே தரும். அதற்கு 60 டெசிபல், அதாவது 1,000 மடங்கு வேண்டும். குறைந்தால் இரைச்சல் பாட்டை மூடும். மிகுந்தால் உச்சக் குரல் சிதையும். சிதைந்து பதிந்ததை முழுதும் சீராக்க இயலாது. தட்டோ ஒவ்வொரு முறையும் தேய்கின்றது.

அளவறிந்து பெருக்குவதே அக்குரல்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்பது என் துணிபு.