ரவிவர்மா லட்சுமியும் ரஸாவின் பிந்துவும்

புது ஃப்ளாட் வாங்கும் நம்மாட்கள் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்கிறார்கள். ஊரிலிருந்து வந்த பழைய படங்களைப் பூஜை அலமாரிக்குள் தள்ளுவது, இடம் போதவில்லையென்றால் லாஃப்டில் ஏற்றுவது. ஹால் சுவருக்கு மூன்று துண்டாக வெட்டின ஈஃபில் டவர் கேன்வாஸ். பழசும் புதுசும் கலந்தால் 'தீம்' கெட்டுப்போகும் என்று இன்டீரியர்காரர் சொன்னாராம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

முதலில், பழசு என்கிறோமே, அது எதிலே பழசு? ரவிவர்மாவின் லட்சுமியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1894-ல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று தனித்தனியாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்த படம் அது. அதாவது, அந்தக் காலத்து மாடர்ன் பிரிண்ட்! நான் இருக்கும் புனேயிலிருந்து லோனாவாலா போகிற லோக்கலில் மளவலி என்று ஒரு ஸ்டேஷன் வரும். அச்சகம் பிற்பாடு அங்கேதான் மாறியது. எங்கள் வீட்டு லட்சுமி இந்தப் பக்கம் அச்சாகி, திருநெல்வேலி போய், பாட்டி கையால் புடவை ஓரத்துக்கு ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டப்பட்டு, திரும்ப இந்தப் பக்கமே வந்து சேர்ந்திருக்கிறாள். நாமெல்லாம் என்ன பெரிய மைக்ரேஷன் :-)

அவளுக்குப் பக்கத்தில் எஸ்.எச்.ரஸாவின் பிந்து பிரிண்ட் ஒன்று மாட்டியிருக்கிறேன். பெரிய கறுப்பு வட்டம், சுற்றிலும் சிவப்பு. ரஸா மத்தியப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1950-ல் பிரான்ஸ் போய், 2010-ல் தில்லிக்குத் திரும்பி, 2016-ல் அங்கேயே காலமானவர். சின்ன வயதில் மனசு ஒருநிலைப்பட வாத்தியார் சுவரில் காட்டிய புள்ளிதான் அந்த பிந்துவுக்கு விதை. இதுவும் லட்சுமியும் ஒரே சுவரில் சண்டை போடும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டிலும் அந்தச் சிவப்பு இருக்கிறது, போதாதா?

அம்மாவுக்கு வேறு கவலை. "சாமி படம் சாமி படம்தான், ஷோவுக்கு வைக்கிற சாமானா?" என்றாள். நியாயமான கேள்வி. தினம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற படம் பூஜை அறையில்தான் இருக்க வேண்டும். ஆனால் வருஷக்கணக்காக லாஃப்டில் ட்ராலி பெட்டிக்கு அடியில் கிடப்பது மட்டும் என்ன மரியாதை?

ஊரில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. கண்ணாடி விரிந்த படம் அரசமரத்தடிக்குப் போகிறது. தேக்குச் சட்டம் போட்டது பழைய சாமான் கடைக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்த்தால் தெரியும், எத்தனை வீட்டுக் கூடங்கள் அங்கே சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று. அதே நாம்தான் புனேயிலும் குர்காவிலும் 'விண்டேஜ்' என்று யாரோ ஒருவருடைய பாட்டி வீட்டுப் படத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். என் மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அந்த ஜரிகை யார் ஒட்டியது என்று ஹாலில் நின்றுதான் கேட்டாள். லாஃப்டில் இருந்திருந்தால் கேட்டிருப்பாளா?

கலந்து மாட்ட நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பழைய சட்டத்தை மாற்றாதீர்கள். புது பிரிண்டுக்கு மெல்லிய கறுப்புச் சட்டம் போடுங்கள், அது ஒதுங்கி நிற்கும். படங்களுக்கு நடுவே நாலு விரற்கடை இடைவெளி போதும். தஞ்சாவூர் ஓவியம் இருந்தால் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் எடுக்கும், இன்னொரு தங்கம் வேண்டாம். (மூன்று ஸ்பாட்லைட் போட்டு நகைக்கடை ஆக்கவும் வேண்டாம்.) ஈரத்துணி கிட்டேயே போகக்கூடாது. பழைய பிரிண்டின் பின் அட்டையைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் பூச்சி குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்கி மாற்றுங்கள். கண்ணாடி படத்தின்மேல் ஒட்டாமல் நடுவில் மவுண்ட் இருக்கட்டும். மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற வெளிச்சுவரும், மேற்கு வெயில் நேராக விழும் சுவரும் ஆகவே ஆகாது.

வாடகை வீடு, ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார் என்பவர்கள் புத்தக அலமாரியின் மேல் சாய்த்து வைக்கலாம். நாங்கள் மூன்று வருஷம் அப்படித்தான் வைத்திருந்தோம்.